தங்கவயல் சுவருக்கு ஓவியம்: யாரை வரைவது, எங்கே ஆரம்பிப்பது?

உரிகம் லைன்காரன்

வணக்கம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது தங்கவயலில், அதாவது கே.ஜி.எஃப்-ல், ஒரு வீடு, இல்லையென்றால் ஒரு கல்லறை இருக்கும் என்பதால் இந்தக் கேள்வியை இங்கேயே போடுகிறேன். நான் 19 வருஷமாகக் கிருஷ்ணராஜபுரத்தில் இருக்கிறேன், அம்மாவும் என்னோடுதான். ஊரில் என்னோடு படித்த நாலைந்து பேர் சேர்ந்து, ரோட்டோரம் இருக்கும் ஒரு காம்பவுண்டு சுவரில் ஊர் வரலாற்றை வரையலாம் என்று பேசி, சுவருக்குச் சொந்தக்காரரிடம் சம்மதமும் வாங்கிவிட்டோம். 60 அடி நீளம், 7 அடி உயரம். டிசைன் படிக்கும் ஒரு தம்பி, பணம் வேண்டாம் என்று சொல்லி மாதிரிப் படம் போட்டு அனுப்பினான்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. முதலில் மீசை வைத்த ஒரு துரை குதிரை மேல் இருந்தபடி கையை நீட்டி மலையைக் காட்டுகிறார், பின்னால் சூரியன். அப்புறம் சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரம், கிளப், பங்களா, அடுக்கிவைத்த தங்கக் கட்டிகள். கடைசியில் நம் ஆள் ஒருவர், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, வெறும் கருப்பு நிழலாக. முகம் கிடையாது. அம்மாவிடம் போனில் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இவன் யாரு, மெட்ரோ வேலை பாக்கறவனா?" என்றார்.

அப்போதிலிருந்து எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் வேறு என்ன வரைவது என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் 11 நாளாகச் சண்டை நடக்கிறது. உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

சாம்பியன் பேரன்

துரையில் ஆரம்பிக்காதீர்கள், முதலில் அதைச் செய்யுங்கள்.

உங்கள் துரை லவெல் என்றால், அவர் 1870-களில் தங்கம் தோண்ட மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார் என்பது சரி. பெங்களூரில் லவெல் ரோடு அவர் பேரில்தான் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு கதை. ஆனால் அவர் இந்தப் பக்கம் வந்ததே ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி எழுதிவைத்ததைப் படித்துவிட்டுத்தான். 1802-ல் அந்த வாரன் என்ன பார்த்தார்? மாரிக்குப்பம் பக்கத்து ஜனங்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை எடுத்துவர, பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கித் தண்ணீரில் அலசிப் பொன்னைப் பிரிப்பதைப் பார்த்தார். ஆக, துரை கையை நீட்டிக் காட்டுவதற்கு முன்பே அங்கே ஆள் இருந்தது, வேலையும் நடந்தது. கல்லில் இடிக்கிற அந்தப் பெண்ணை முதல் ஆளாக வையுங்கள். லவெல் வேண்டுமென்றால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கட்டும், அவர் உண்மையில் செய்ததும் அதுதான்.

கம்மனஹள்ளி வாசி

கோபப்படாமல் படிக்கவும். இதனால் ஊருக்கு என்ன லாபம்? 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை மாரிக்குப்பம் ரயிலில் விடிவதற்கு முன்னால் ஏறி, நின்றுகொண்டே பெங்களூர் வந்து, ராத்திரி 9 மணிக்கு மேல் வீடு திரும்புகிற கூட்டம் குறையவில்லை. என் மைத்துனன் அதில் ஒருவன். அவன் ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து உங்கள் சுவரைப் பார்த்து என்ன செய்யப்போகிறான்? பெயிண்டுக்கு ஆகிற செலவில் ஒரு டியூஷன் சென்டருக்கு வாடகை கட்டலாம். இன்னொன்று, ஒரே மாதத்தில் அதன் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுவார்கள், பந்தயம்.

அல்சூர் ஏரிக்கரை

கம்மனஹள்ளி அண்ணா கேட்பது நியாயம். ஆனால் லாபம் வந்த ஊரும் இருக்கிறது. கனடாவில் வான்கூவர் தீவில் செமைனஸ் என்று மரம் அறுக்கிற ஒரு சின்ன ஊர். 1982-ல் ஊர்ச் சுவர்களில் தங்கள் வரலாற்றை வரைய ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே பழைய மில்லை மூடிவிட்டார்கள். ஊர் காலியாகியிருக்க வேண்டியது, ஆகவில்லை. இன்று 40-க்கும் மேற்பட்ட ஓவியங்கள், அதைப் பார்க்கவே ஜனம் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு டாஸ்மேனியாவில் ஷெஃபீல்டு என்ற ஊரும் 1986-ல் இதே வேலையில் இறங்கியது. மில் மூடிய ஊருக்கும் சுரங்கம் மூடிய ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே?

கம்மனஹள்ளி வாசி

வித்தியாசம் இருக்கிறது தம்பி. அது ஏற்கனவே வெள்ளைக்காரன் லீவுக்குப் போகிற தீவு. நம் ஊருக்கு வெளியாள் யார் வருகிறார்கள்? அந்த கே.ஜி.எஃப் சினிமா வந்த பிறகு, தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டின் மேல் ஏறி ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள். அந்த மண் மூச்சில் போனால் என்ன ஆகும் என்று சொன்னால்கூடக் கேட்பதில்லை.

உரிகம் லைன்காரன்

லாபத்துக்காக இல்லை அண்ணா. எங்கள் ஐந்து பேருக்கும் 45 தாண்டிவிட்டது. என் மகள் பள்ளியில் சொந்த ஊர் என்று எழுதச் சொன்னால் பெங்களூர் என்று எழுதுகிறாள், அது தப்பும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே ஊர்க் கதை பாதிதான் தெரியும். இந்த இழையில் வாரன் பேரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

சிவாஜிநகர் பிரஷ்

என்ன வரைவது என்பதை நீங்கள் பேசி முடியுங்கள், நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். 30 வருஷமாக இந்தத் தொழில். முதலில் சினிமா பேனர், பிறகு ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் வயிற்றில் அடித்தது, பிறகு கடை போர்டு. 2009-ல் பெங்களூர் மாநகராட்சி எங்களைப் போன்ற பேனர் ஆட்களைக் கூப்பிட்டு ஊர்ச் சுவரெல்லாம் வரையச் சொன்னது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஹம்பி கல் தேர், மைசூர் அரண்மனை, ஜோக் அருவி, புலி. நல்ல வேலை, கூலியும் கிடைத்தது. ஆனால் எந்தச் சுவருக்கும் அந்தத் தெருவோடு சம்பந்தம் கிடையாது. ஒரே தேரை நான் மட்டும் எத்தனை முறை வரைந்தேன் என்று கணக்கே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சக்கரத்தைப் போடுவேன்.

சரி, சுவர். ஒரு பிளாஸ்டிக் தாளை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவரில் ஓதம் இருக்கிறது, அதன் மேல் என்ன பெயிண்ட் அடித்தாலும் ஒரு மழைக்காலத்தில் தோலாக உரியும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டுங்கள். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயவிட்டுத்தான் பிரைமர். வெளிச்சுவருக்கு என்று இருக்கும் எமல்ஷன்தான் வாங்க வேண்டும், மிச்சம் பிடிக்கிறேன் என்று உள்சுவர் பெயிண்டை வாங்கிவராதீர்கள்.

கலரில் ஒரு விஷயம். பளபளப்பான சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும்தான் வெயிலில் முதலில் செத்துப்போகும். காவி, மண் மஞ்சள், கருப்பு நிற்கும், அதெல்லாம் இரும்புத் துரு வகை. உங்கள் ஊருக்கு அந்தக் கலர்தானே சரியாகவும் இருக்கும்? அந்த மேட்டு மண் காற்றில் பறந்து வந்து எப்படியும் சுவரில் படியும், அதனால் பின்புலத்தை முதலிலேயே அந்தச் சாம்பல் கலரில் போட்டுவிட்டால் படிந்தாலும் தெரியாது. கீழே ஒன்றரை அடி எதுவும் வரையாமல் அடர்த்தியான ஒரே கலர். மழைச் சேறு, வெற்றிலை எச்சில், நாய் எல்லாம் அந்த ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும்.

பையப்பனஹள்ளி

மனுஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குத்தானே மூலைக்கு மூலை சாமி டைல்ஸ் ஒட்டுகிறார்கள்.

சிவாஜிநகர் பிரஷ்

மும்மதச் சாமி ஒட்டிய சுவரிலேயே நனைக்கிறவர்கள் இருக்கிறார்கள் சார்.

மாரிக்குப்பம் அக்கா

நான் பொதுவாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இதற்கு எழுதத் தோன்றியது.

தம்பி, எல்லோரும் பூமிக்கு அடியில் இருப்பதையே வரையச் சொல்கிறீர்கள். கீழே நான் போனதில்லை, எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் போனதில்லை. எங்களுக்குச் சுரங்கம் என்பது சத்தம். ஷிஃப்ட் சங்கு ஊதும், அது கடிகாரம் மாதிரி, அதை வைத்து உலை வைப்போம். கீழே பாறை வெடித்தால், ராக் பர்ஸ்ட் என்போமே, முதலில் தரையில் ஒரு தூக்கு தூக்கும், அப்புறம் அடுக்கில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் எல்லாம் ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணு என்னும், பெரியதாக இருந்தால் பானை கீழே விழும். விழுந்ததைப் பொறுக்க மாட்டோம். யார் வீட்டு ஆள் எந்த ஷிஃப்ட்டில் இறங்கியிருக்கிறார் என்று வாசலுக்கு ஓடி வந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம். அப்புறம் ஷாஃப்ட் பக்கம் ஓடுவது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, அந்தக் கேஜ் மேலே வரும்போது கால்தான் தெரியாது, முகம்தான் முதலில் தெரியும், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நிற்போம். ஒருமுறை என் மாமனார் மூன்றாவது கேஜில் வந்தார். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டுக்கு வந்து பானை ஓட்டைப் பெருக்கினார்.

உங்கள் 60 அடியில் ஒரு 6 அடி, அந்தப் பாத்திர அடுக்கையும் வாசலில் நிற்கும் பெண்களையும் வரையுங்கள். தட்டி வீட்டையும் சேர்த்து. இன்னொன்று, எல்லோர் கையிலும் தங்கக் கட்டி கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் தாலியில் இருந்ததுகூட மார்வாடி கடையில் வாங்கியதுதான்.

உரிகம் லைன்காரன்

அக்கா, இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பொறுக்க மாட்டோம்னு சரியா எழுதியிருக்கா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அறிவியல் வாத்தியார்

ஊரின் பெருமையையும் கொஞ்சம் வையுங்கள், முழுக்கச் சோகமாக வேண்டாம். 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரியில் எடுத்த மின்சாரம் நேராகத் தங்கவயலுக்குத்தான் போனது, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து. பெங்களூருக்குக் கரண்ட் வந்தது 1905-ல். மூன்று வருஷம் நம் ஊர் முந்தி. பெங்களூர்க்காரர்களிடம் பேசும்போது இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

அடுத்தது நியூட்ரினோ, பாறையைக்கூட ஊடுருவிப் போகிற நுண்துகள். 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கருவியை வைத்து, காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடத்தை டாடா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து பிடித்தார்கள். உலகிலேயே முதல் முறையாகப் பிடித்தவர்களில் அவர்களும் உண்டு. மற்ற கதிர்கள் எல்லாவற்றையும் தலைக்கு மேல் இருந்த அந்தப் பாறையே வடிகட்டிவிடும், அதனால்தான் அவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. அந்த இரும்புக் கருவிகளைக் கீழே இறக்கி வைத்தவர்களும் நம் ஆட்கள்தானே?

சாம்பியன் பேரன்

வாத்தியார் சொல்வதை ஒரு கட்டமாக வைக்கலாம். ஆனால் பெருமை என்றால் இன்னும் இருக்கிறது. 1930-ல் தொழிலாளி ஒவ்வொருவரிடமும் கைரேகை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நாங்கள் என்ன திருடர்களா என்று ஆயிரக்கணக்கானவர்கள் 3 வாரம் இறங்கவில்லை. அப்போது இங்கே பெரிய சங்கம்கூடக் கிடையாது. சாதியை எதிர்த்து எழுதிய பௌத்த அறிஞர் அயோத்திதாசரின் எழுத்துகளைச் சென்னையில் அல்ல, சாம்பியன் ரீஃபில் சித்தார்த்த புத்தகசாலைதான் அச்சுப் போட்டுக் காப்பாற்றியது. அவருடைய 'தமிழன்' பத்திரிகை 1926-ல் மறுபடி வந்ததும் தங்கவயலில் இருந்துதான். அம்பேத்கர் 1954-ல் நேரில் வந்திருக்கிறார். வட ஆற்காட்டில் கூலிக்குப் பண்ணையில் கைகட்டி நின்றவன் இங்கே வந்து அச்சுக்கூடம் வைத்திருக்கிறான். கிளப்பையும் பங்களாவையும் வரைகிற இடத்தில் ஒரு அச்சு இயந்திரத்தை வரைந்தால் குறைந்தா போய்விடும்?

பங்காரப்பேட்டை ஜங்ஷன்

எல்லாம் சரி, சுவர் கர்நாடகத்தில் இருக்கிறது. கீழே எழுத்து எந்த மொழியில்? தமிழில் மட்டும் எழுதினால் மறுநாள் யாராவது தார் பூசுவார்கள், உங்கள் அச்சு இயந்திரமும் சேர்ந்து போகும். அதோடு ஊர் தமிழருக்கு மட்டும் சொந்தம் இல்லை. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், காவல் வேலைக்கு வந்த பஞ்சாபிகள், ஆங்கிலோ இந்தியர்கள், சுற்றுக் கிராமத்துக் கன்னடக்காரர்கள் எல்லோரும் உண்டு. என் அப்பாவோடு கீழே ஒரே இடத்தில் வேலை பார்த்தவர் கன்னடத்துக்காரர், அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது என்ன மொழி என்று இன்றுவரை யாருக்கும் புரியவில்லை.

மயிலாப்பூரில் இருந்து ஒயிட்ஃபீல்டு

நான் தங்கவயல் இல்லை, ஆனால் சொல்லலாமா? திருவாரூர் தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதையை வரைந்திருக்கிறார்கள், சுமார் 300 வருஷம் பழையது. இந்திரனிடம் இருந்து தியாகராசரை வாங்கித் திருவாரூருக்குக் கொண்டுவருகிற கதை, அதாவது ஊர்ச் சாமி ஊருக்கு வந்த வரலாறு. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் இது இன்னது என்று பேச்சு வழக்கிலேயே எழுதியிருக்கும். வாண வேடிக்கை, ஊர்வலம், கொம்பு ஊதுகிறவர்கள் எல்லாம் உண்டு, வரைந்த ஓவியர் சிங்காதனம் தன் பேரையும் அதில் போட்டுக்கொண்டார். எழுத்து இல்லாமல் இருந்திருந்தால் பாதிக் காட்சி இன்று நமக்குப் புரிந்திருக்காது. ஆகவே எழுத்தை விடாதீர்கள். முதலில் கன்னடம், பக்கத்தில் தமிழ், ஒரே அளவில்.

உரிகம் லைன்காரன்

கன்னடம் முதலில், தமிழ் பக்கத்தில். குழுவில் சொன்னேன், ஒருவரைத் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒருவர் எதற்கும் ஒப்புக்கொள்ள மாட்டார், பள்ளியிலும் அப்படித்தான்.

இப்போது பெரிய சிக்கல் முகம். நிழலாக வேண்டாம், முகத்தோடு வரையலாம் என்றால் யார் முகத்தை? ஒருவர் அப்பாவை வரைந்தால் மற்றவர் சும்மா இருப்பாரா? கட்சித் தலைவர்களை வரையச் சொல்லி இரண்டு பக்கமிருந்தும் போன் வந்துவிட்டது.

சிவாஜிநகர் பிரஷ்

தலைவர் வேண்டாம் சார். ஒரு தலைவரைப் போட்டால் அடுத்த தேர்தலுக்குச் சுவரே அவர்களுடையது. மனுஷ முகத்தைப் போடுங்கள், ஆனால் போட்டோ கொடுத்தால்தான் வரும். போட்டோ இல்லாமல் என் போக்கில் வரையச் சொன்னால் எல்லோரும் ஏதாவது ஒரு நடிகர் சாயலில் வந்துவிடுவார்கள், 30 வருஷக் கைப்பழக்கம், ஒன்றும் செய்ய முடியாது. சின்னச் சின்னதாக நிறைய முகம் இருந்தால் நல்லது. அக்கா சொன்னாரே கேஜ் என்று, அதை நடுவில் ஒரு 10 அடிக்குப் போடலாம். கம்பிக்குப் பின்னால் வரிசையாக 30, 40 பேர் நிற்கலாம். கொடுக்கிற போட்டோ எல்லாம் அதில் அடங்கிவிடும். எதிர்ப்பக்கம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்கள்.

கம்மனஹள்ளி வாசி

என் மாமாவின் போட்டோ ஒன்று இருக்கிறது. கல்யாணத்தில் எடுத்தது, கோட்டுப் போட்டிருப்பார். பரவாயில்லையா?

சிவாஜிநகர் பிரஷ்

கோட்டை நான் கழற்றிவிடுகிறேன் சார். முகம் தெளிவாக இருந்தால் போதும்.

பையப்பனஹள்ளி

போஸ்டர் ஒட்டுவார்கள் என்று பந்தயம் கட்டியவர் முதல் ஆளாகப் போட்டோ கொடுக்கிறார், குறித்துக்கொள்ளுங்கள்.

உரிகம் லைன்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிரஷ் அண்ணா சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனையில் இடது பக்கம் 15 அடிக்கு வேர்த்திருந்தது. பின்பக்கம் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது, சரி செய்தாயிற்று, அந்தப் பகுதியைக் கடைசியில் வரையப்போகிறோம். போட்டோ 52 வந்திருக்கிறது. அதில் 9 பெண்கள். டிசைன் தம்பியையும் விடவில்லை, அவனை ஒரு ஞாயிறு ஊருக்கு அழைத்துப்போய் அம்மாவோடு உட்காரவைத்தேன், மூன்று மணி நேரம் கேட்டுக் கேட்டு வரைந்தான். துரை இப்போது ஓரத்தில், அரை ஆள் உயரத்தில் இருக்கிறார். கல்லில் இடிக்கும் பெண், அப்புறம் தட்டி வீடு, பாத்திர அடுக்கு, நடுவில் கேஜ், அச்சு இயந்திரம், வாத்தியாருக்காக மின்கம்பி. நியூட்ரினோவை எப்படி வரைவது என்று தெரியாமல் தம்பி கேஜுக்குக் கீழே, பாறைக்குள் ஒரு மெல்லிய கோடு போட்டிருக்கிறான். கடைசிக் கட்டம் ரயில். விடிவதற்கு முன்னால் விளக்கு எரிகிற பிளாட்பாரம், கம்மனஹள்ளி அண்ணாவின் மைத்துனன் மாதிரி ஆட்கள்.

ஒன்றே ஒன்று கிடைக்கவில்லை. இறங்கும்போது கொடுப்பார்களே, நம்பர் அடித்த பித்தளைப் பில்லை, அது யாரிடமாவது இருக்கிறதா? அம்மா அது வட்டம் என்கிறார், குழுவில் ஒருவர் சதுரம் என்கிறார். தவறாக வரைந்துவிடக் கூடாது.

மாரிக்குப்பம் அக்கா

மாமனாருடையது இருக்கிறது தம்பி. வட்டம்தான், மேலே ஒரு ஓட்டை இருக்கும். சாவிக்கொத்தில் மாட்டிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேரனிடம் கொடுத்தனுப்புகிறேன், வரைந்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பீரோ சாவி அதில்தான் இருக்கிறது.